நெஞ்சில் ஒன்றுமில்லை

எடிசன், நியூ ஜெர்சி
18 பெப்ரவரி 2024

ராஜராணி அவர்களுக்கு,

உங்கள் அக்கா செல்வநாயகி ஜனவரி 29ஆம் திகதி காலை எங்கள் வீட்டில் காலமானார். வயது தொண்ணூற்றொன்று. நுரையீரலில் சளி கட்டி நாலு நாள் மூச்சுக்குக் கஷ்டப்பட்டார். கடைசி நாள் கஷ்டம் இருக்கவில்லை.

தொலைபேசியில் சொல்லத்தான் முதலில் முயன்றேன். எழிலரசி என்ற பெண் எடுத்தார். பக்கத்து வீடு, உங்களுக்குச் சாமான் வாங்கித் தருபவர் என்று சொன்னார். உங்களுக்குக் காது அறவே கேட்பதில்லை, எழுதிக் காட்டினால்தான் உண்டு என்றும் சொன்னார். ஆகவே இந்தக் கடிதம். விலாசம் அம்மாவுக்கு டிசம்பரில் நீங்கள் அனுப்பிய நத்தார் வாழ்த்து அட்டையிலிருந்து எடுத்தது.

இறப்புப் படிவத்தில் உறவு என்ற இடத்தில் மகன் என்று எழுதினேன். என்னைப் பெற்றது நீங்கள் என்பது அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. அடக்கம் முடிந்து வந்து குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சரி செய்தேன். இன்னும் அழவில்லை. இதைக் குறையாகவோ பெருமையாகவோ சொல்லவில்லை.

என் மகள் ரூபிகாவின் ஞானஸ்நானத்தன்று உங்களை என் வீட்டை விட்டுப் போகச் சொன்ன பிறகு முப்பத்து மூன்று வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அந்த நாளைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. அம்மா கடைசி இரண்டு நாளும் ஒரே வசனத்தைச் சொன்னார். "ராணியிட்டச் சொல்லு, பெடியன்ர நெஞ்சில ஒண்டுமில்லையெண்டு." எந்தப் பெடியன் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். உங்களிடம் சொல்லச் சொன்னதால் சொல்லிவிட்டேன்.

அருள்நேசன்


ஃப்ரீமான்ட், கலிபோர்னியா
3 மார்ச் 2024

அருள்நேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. அறிவித்ததற்கு நன்றி.

வாசித்து முடித்து மடித்து வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். சோறும் பருப்பும். பிறகு படுத்தேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை. அதனால் உம்மைப் பற்றி நீர் ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று எழுதினால் போதும். பூ அனுப்புவதற்கில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

ராஜராணி


எடிசன்
20 மார்ச் 2024

ராஜராணி அவர்களுக்கு,

அடக்கம் செய்த இடத்தின் விபரம் தனித் தாளில் இருக்கிறது.

அம்மா சொல்லச் சொன்னதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருக்கலாம். மறக்காமல் விட்டிருக்கலாம் என்றும் நினைக்கிறேன். நான் சிறுநீரக மருத்துவன். மரணப் படுக்கையில் ஆட்கள் அர்த்தமில்லாமல் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். இது அப்படி இருக்கவில்லை. அம்மா தெளிவாக இருந்தார். மருந்து வேளையைக்கூடச் சரியாகச் சொன்னார்.

ஊரார் சொல்லி எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். எனக்கு ஒரு வயது நடக்கும்போது பாண்ட் வாத்தியக்காரரோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டீர்கள். என்னை நினைக்கவேயில்லை. ஆறு வயதில் சித்தி என்று ஒருவர் ஒரு கிழமை வந்து நின்றார். அந்தச் சித்திதான் பெற்ற தாய் என்பது இருபத்தேழு வயதில் அமெரிக்கா வருவதற்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்தபோது தெரிந்தது. அம்மாவிடம் கேட்டேன். "ஓம்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது கேட்கிறேன். பெடியன் நான்தானா? நெஞ்சில் என்ன?

அருள்நேசன்


ஃப்ரீமான்ட்
21 ஏப்ரல் 2024

அருள்நேசனுக்கு,

இதை எழுத ஒரு மாதம் எடுத்தது. வயது ஒரு காரணம். மற்றக் காரணத்தை நீர் ஊகிப்பீர்.

உம்முடைய தகப்பன் பேரின்பநாதன் கொழும்பில் ரயில்வேயில் லிகிதர், எழுத்து வேலை. கல்யாணம் செய்தபோது எனக்குப் பத்தொன்பது. நான் பாட வேண்டும் என்று விரும்பியது அவர்தான். நத்தார் ஆராதனையில் என் குரலைக் கேட்ட லெஸ்லி என்ற பறங்கியர் வீட்டுக்கு வந்து அவரிடம் அனுமதி கேட்டார். லெஸ்லிக்குக் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் நடன மண்டபத்தில் பதினான்கு பேர் கொண்ட பாண்ட் இருந்தது. நாலு சாக்ஸபோன், நாலு ட்ரம்பெட், மூன்று ட்ராம்போன், பியானோ, பேஸ், ட்ரம்ஸ். ராஜராணி என்ற பெயர் சுவரொட்டியில் கொள்ளாது என்று என்னை ரெஜினா ஆக்கினார்.

பாடகியின் வேலை என்னவென்று வெளியாருக்குத் தெரியாது. ஒரு பாட்டில் அவள் பாடுவது நடுவில் ஒன்றரை நிமிடம். மற்ற நேரமெல்லாம் ட்ரம்பெட்டுகளுக்கு முன்னால் ஒரு கதிரையில் முதுகு நிமிர்த்திச் சிரித்தபடி இருக்க வேண்டும். சிரிப்பு மாறக்கூடாது. வயிறு வலித்தாலும் அதே சிரிப்பு. உம்மை ஐந்து மாதம் சுமக்கும் வரை அந்தக் கதிரையில் இருந்தேன். நீர் பிறந்து மூன்றாம் மாதம் திரும்பிப் போனேன். சனிக்கிழமைகளில் உம்முடைய தகப்பன் உம்மைத் தோளில் போட்டுக்கொண்டு ஹோட்டல் சமையலறை வாசலில் நிற்பார்.

ஐம்பத்தெட்டு மே மாதம் தமிழரை அடித்த கலவரத்தில் அவரை ரயில்வேக் கந்தோரிலிருந்து திரும்பும் வழியில் அடித்துக் கொன்றார்கள். உடலை நான் பார்க்கவில்லை. ட்ரம்பெட்காரர் ஒருவர் என்னையும் உம்மையும் தன் வீட்டுப் பின்னறையில் நாலு நாள் வைத்திருந்தார். பிறகு அகதிக் கப்பலில் காங்கேசன்துறை. அங்கிருந்து யாழ்ப்பாணத்தில் அக்கா வீடு.

அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. நீர் அவவின் மடியிலிருந்துதான் தவழப் பழகினீர். நான் பகல் முழுக்க ஒரு அறையில் இருந்தேன். பால் கொடுக்க மட்டும் உம்மைக் கொண்டுவந்து தருவா. அடுத்த தை மாதம் லெஸ்லியின் கடிதம் வந்தது. சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல், இரண்டு வருட ஒப்பந்தம்.

அக்கா சொன்னா: "பிள்ளையை என்னட்ட விட்டிட்டுப் போ. ஆனா பிறகு வந்து என்ர பிள்ளையெண்டு கேக்கக்கூடாது."

நான் "ஓம்" என்றேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. பட்டினியும் இல்லை. எனக்குப் போக விருப்பமாக இருந்தது. பாடுகிற அந்த ஒன்றரை நிமிடத்தில் மட்டும் எனக்கு உம்முடைய தகப்பனின் முகம் வராது.

நினைக்கவேயில்லை என்று நீர் எழுதியது சரியல்ல. அறுபத்துநாலில் வந்தது உம்மைக் கூட்டிப்போகத்தான். சிங்கப்பூரில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வைத்திருந்தேன். கேட்கமாட்டேன் என்று சொன்ன சொல்லை மீறித்தான் வந்தேன். மூன்றாம் நாள் அக்காவிடம் சொன்னேன். அவ கத்தவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னா: "அவன்ர நெஞ்சில ஓட்டை இருக்கெண்டு டொக்டர் சொன்னவர். கப்பல்ல கொண்டு போனால் தாங்கமாட்டான்."

நீர் நித்திரையாக இருந்தபோது உம்முடைய நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். வேகமாக அடித்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்த டொக்டர் என்று அக்காவைக் கேட்டிருக்கலாம். இன்னொரு டொக்டரிடம் காட்டியிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் டொக்டர்களுக்குப் பஞ்சமில்லை. நான் கேட்கவில்லை.

இதையும் எழுதாவிட்டால் எழுதியதில் பலனில்லை. அவ அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடுதான் கப்பல் ஏறினேன்.

ஞானஸ்நானத்தன்று உங்கள் வீட்டு விருந்தில் அக்கா கேக் பரிமாறிக்கொண்டு என்னிடம் வந்து "இவன் நேற்று இருபத்தாறு மைல் மரதன் ஓடினவன்" என்றா. தான் என்ன சொல்கிறோம் என்று அவவுக்கு உடனே விளங்கியது. எனக்கும் விளங்கியது. அதன் பிறகுதான் நான் எல்லோருக்கும் கேட்க, நான் இவனுடைய அம்மா, பிள்ளையின் பாட்டி என்று சொன்னேன். அவ அழுதா. நீர் என்னை வெளியே போகச் சொன்னீர். அன்றைக்கு நீர் செய்தது சரி.

நீர் எதைக் கேட்டாலும் இனி உண்மையைச் சொல்வேன்.

ராஜராணி


எடிசன்
9 மே 2024

ராஜராணி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமை கழித்து என் நண்பரான இருதய மருத்துவரிடம் போய் எக்கோ எடுத்துக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை. வயதாகிவிட்டது, பார்த்து வைப்போம் என்றேன். இதயத்தில் எந்தக் குறையும் இல்லை, எப்போதாவது இருந்ததற்கான அறிகுறியும் இல்லை. அறிக்கையின் பிரதியை இணைத்திருக்கிறேன். ஏன் இணைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விபரம் என்னிடம் இருக்கிறது. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை நான் பள்ளிக்கூடத்தில் ஓடியதில்லை. அம்மா தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்திருந்தார். விளையாட்டு நேரத்தில் மைதானத்தின் ஓரத்தில் இருந்து மற்றப் பெடியளின் பைகளைப் பார்த்துக்கொண்டேன். எனக்குக் காலில் பலமில்லை என்று நினைத்தேன். அம்மா ஒரு தரம் சொன்ன பொய்யை ஊரார் முன்னால் ஆறு வருடம் காப்பாற்ற வேண்டியிருந்திருக்கிறது. பதின்மூன்று வயதில் நானே களவாக ஓடத் தொடங்கினேன். நாற்பது வயது வரை நிறுத்தவில்லை.

அம்மாவின் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உங்கள் மேலும் புதிதாக ஒன்றும் வரவில்லை. நிம்மதி என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால் நேர்மையான ஆள் என்று சொல்லியிருப்பேன்.

ரூபிகாவிடம் சொன்னேன். அவள் இப்போது டெக்சஸில், பிளானோவில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். தமிழ் விளங்கும், பேசமாட்டாள். முதலிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, "ஸோ ஷி இஸ் அலைவ், அண்ட் நோபடி டோல்ட் மி" என்றாள். உங்களைப் பார்க்க வர வேண்டுமாம். நான் தடுக்கவில்லை.

அருள்நேசன்


ஃப்ரீமான்ட்
30 ஜூன் 2024

அருள்நேசனுக்கு,

ரூபிகா வந்து மூன்று நாள் நின்றுவிட்டு நேற்றுப் போனாள். உயரமான பிள்ளை. அவள் பேசப் பேசப் போனில் எழுத்தாக வருகிறது. நான் தமிழில் பேசினேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், நான் போனைப் பார்த்து வாசித்தேன். இந்த வசதி இருப்பது எனக்குத் தெரியாது. பதினொரு வருடமாக எழிலரசி ஒரு பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

காது ஏன் போனது என்று ரூபிகா கேட்டாள். ட்ரம்பெட்டுகளுக்கு முன்னால் இருந்த கதிரைதான் காரணம் என்று இங்கே ஒரு டொக்டர் சொன்னார். இந்த இழப்பு மெதுவாக வரும், முதலில் உயர்ந்த சுரங்கள் போகும் என்றார். அப்படித்தான் போனது.

பாட்டு எப்படி முடிந்தது என்றும் கேட்டாள். அது ஒரு நாளில் முடியவில்லை. சிங்கப்பூர் ஹோட்டல்காரர் பதினான்கு பேரை ஒன்பது பேராக்கினார். அடுத்த வருடம் ஐந்து பேர். அதற்கடுத்த வருடம் கிற்றார் வைத்த நாலு பெடியள் வந்தார்கள். அவர்களுக்குப் பாடகி தேவையில்லை. லெஸ்லி மெல்பேர்னுக்குப் போனார். நான் ஹொங்கொங்கில் சாப்பாட்டுக் கடைகளில் பாடினேன், பிறகு ஒரு பயணிகள் கப்பலில். கடைசியாகப் பாடியது எழுபத்துமூன்றில், அந்தக் கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தில். ஒருவர் கையை உயர்த்தினார். பாட்டுக் கேட்கப் போகிறார் என்று சிரித்தேன். அவர் தண்ணீர் கேட்டார். நான் போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்தக் கப்பலில் பியானோ வாசித்த ராமோன் என்ற பிலிப்பினோக்காரரைக் கட்டி இங்கே வந்தேன். நல்ல மனுஷன், இறந்து இருபத்திரண்டு வருடம். சன்னிவேலில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் பற்றவைத்தேன். பக்கத்தில் இருந்து வேலை செய்த பெண்களுக்கு நான் பாடியவள் என்பது தெரியாது. சொன்னாலும் நம்பவைக்கக் காட்ட ஏதும் என்னிடம் இருக்கவில்லை.

சிங்கப்பூரில் அறுபதாம் வருடம் லெஸ்லியின் பாண்ட் ஆறு பாட்டுப் பதிந்தது. ரூபிகா அவற்றில் ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்துவிட்டாள். யாரோ ஒருவர் பழைய இசைத்தட்டைப் போட்டிருக்கிறாராம். முந்நூற்றுச் சொச்சம் பேர் கேட்டிருக்கிறார்கள். என் முன்னால் இருந்து அவள் கேட்டாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போனில் எழுத்து வந்தது: "யூ சவுண்ட் எக்ஸாக்ட்லி லைக் அப்பா லீவிங் எ வாய்ஸ்மெயில்."

அவள் சிரிக்கவில்லை. நானும் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. லெஸ்லி அதைத்தான் விரும்பினார். அழுது பாடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நீ உணர்ச்சி இல்லாமல் பாடு, கேட்பவர்கள் தங்கள் உணர்ச்சியைக் கொண்டுவருவார்கள் என்பார். அந்தப் பாட்டைப் பதியும்போது உமக்கு இரண்டு வயது.

நீர் அனுப்பிய அறிக்கையைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

ராஜராணி


எடிசன்
25 ஓகஸ்ட் 2024

ராஜராணி அவர்களுக்கு,

ரூபிகா அனுப்பிய பாட்டை ஒரு மாதம் திறக்கவில்லை. போன சனிக்கிழமை தமிழ்க் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, மனைவி உள்ளே போன நேரத்தில் கேட்டேன். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. நீங்கள் சொன்னது சரி, அதில் பாதிதான் உங்கள் பங்கு.

எனக்கு இசை தெரியாது. ஒவ்வொரு அடியையும் நீங்கள் கொஞ்சம் பிந்தித் தொடங்குகிறீர்கள். பாண்ட் போய்விட்டது, இவர் வரமாட்டார் என்று நினைக்கும் நேரத்தில் வருகிறீர்கள். மனைவி வந்து கதவைத் திறந்து, யாருடைய பாட்டு என்று கேட்டாள். "ஒரு பழைய பாட்டு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றாள்.

செப்டெம்பர் 13 வெள்ளிக்கிழமை வருகிறேன். ஹோட்டலில் தங்குவேன். சனிக்கிழமை மாலை நாலரைக்குத் திரும்பும் விமானம், ஞாயிறு இங்கே ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நானும் எதிர்பார்க்கவில்லை.

அருள்நேசன்


ஃப்ரீமான்ட்
22 செப்டெம்பர் 2024

அருள்,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக ரூபிகா எழிலரசிக்கு எழுதியிருந்தாள்.

நீ வந்த முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் அதிகம் ஒன்றும் செய்யவில்லை. மௌரி அவெனியூவில் காய்கறிக் கடைக்குக் கூட்டிப்போனாய். வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்து எடுத்தாய். என் மருந்துப் போத்தல்களை வரிசையாக அடுக்கி, ஒன்றை நிறுத்தச் சொல்லி எழுதினாய். நிறுத்திவிட்டேன், காலில் வீக்கம் குறைந்திருக்கிறது. அக்காவைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சனிக்கிழமை சாப்பிட்ட பிறகு பலகையில் எழுதினாய். "பத்து நிமிடம் கண்ணை மூடுகிறேன். ஒன்றரைக்கு எழுப்புங்கள், விமானத்துக்குப் போக வேண்டும்." அலாரம் வைத்த போனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சோபாவில் சரிந்தாய். உடனே நித்திரையாகிவிட்டாய். முந்தின இரவு நீ நித்திரை கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

தலை முழுக்க நரைத்திருக்கிறது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வலது கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்திருந்தாய். சமையலறைக் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு அதில் இருந்தேன்.

நீ எழும்பியபோது மூன்றேகால். மணியைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. வாய் அசைந்தது, என்னவோ சொன்னாய். அதை நீ எழுதிக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் நின்று நெடுநேரம் போனில் பேசி டிக்கெட்டை மாற்றினாய். நீ ஒருவருக்குக் கொடுத்த வாக்குக் கெட்டது. அன்று மாலை இரண்டு பேரும் வெண்டைக்காய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். புளி கூடிவிட்டது என்று எழுதிக் காட்டினாய்.

நீ போன பிறகு எழிலரசி பலகையில் எழுதிக் கேட்டாள். "ஏன் ஆன்ட்டி, அவர எழுப்பல?" போன் அலாரம் எனக்குக் கேட்கவில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். உன்னிடமும் அதையே சொல்லியிருப்பேன், நீ கேட்டிருந்தால். நீ கேட்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதாக உனக்கு எழுதிவிட்டேன்.

மணிக்கூடு எனக்கு நேர் எதிரே சுவரில் இருந்தது. ஒன்றரை ஆனதைப் பார்த்தேன். இரண்டு ஆனதையும் பார்த்தேன். போன் உன் வயிற்றின் மேல் அதிர்ந்து அதிர்ந்து நின்றது, அதையும் பார்த்தேன். கையை நீட்டித் தோளைத் தொட்டால் நீ எழும்பியிருப்பாய். நான் தொடவில்லை.

ராஜராணி